வேதியியல் எனக்கு எதற்கு? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் வேதியியலைப் பற்றியவை நிறைய. எழுதியவர்களில் பலர் மாணவர்கள், சிலர் பெற்றோர். கேட்ட விதம் வேறு வேறாக இருந்தாலும் எல்லோருக்கும் உள்ளே இருக்கும் சந்தேகம் ஒன்றுதான்: தேர்வு முடிந்த பிறகு இதெல்லாம் எதற்கு உதவும்? அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நான் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். மேற்கொண்டு வரலாறு படிக்கத்தான் ஆசை. மோல் கணக்கு, மூலக்கூறு நிறை, சமன்பாட்டைச் சமன் செய்வது இதெல்லாம் என் வாழ்க்கையில் எங்கே வரப்போகிறது? உண்மையைச் சொல்லுங்கள்.

பதில்: உண்மையைச் சொல்கிறேன். பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகு யாரும் ஒரு சமன்பாட்டை நீட்டி, சமன் செய்து கொடு என்று உங்களைக் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒரு மூலக்கூறு எவ்வளவு கனம் என்று சொல்லும் மூலக்கூறு நிறையை அப்படி ஒதுக்கிவிட முடியாது. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் இருக்கும் எந்த வாயுவை எடுத்தாலும், ஒரே பருமனில் ஒரே எண்ணிக்கையில்தான் மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811இல் அவகாட்ரோ சொன்னார். அப்படியானால் எந்த வாயு கனம், எது லேசு என்பதை மூலக்கூறு நிறையை வைத்தே சொல்லிவிடலாம். காற்றுக்குச் சராசரியாக 29. சிலிண்டரில் வரும் எரிவாயுவில் இருக்கும் புரோப்பேனுக்கு 44, பியூட்டேனுக்கு 58. குழாயில் வரும் இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன், அதற்கு வெறும் 16.

இப்போது வீட்டில் எரிவாயு கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தரையாகப் பரவி, கட்டிலுக்கு அடியிலும் படிக்கட்டின் கீழேயும் தேங்கி நிற்கும். உயரத்தில் இருக்கும் சின்ன ஜன்னலை மட்டும் திறந்துவிட்டு, வெளியே போய்விடும் என்று இருந்துவிடக் கூடாது, கதவைத் திறக்க வேண்டும். மீத்தேன் மேலே எழும்பிக் கூரையை ஒட்டிச் சேரும். இரண்டுக்குமே இயல்பில் வாசனை கிடையாது. நமக்கு மூக்கில் ஏறும் அந்தக் கெட்ட வாடை, கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே சேர்க்கப்படும் கந்தகச் சேர்மங்களின் வாடை, சிலிண்டர் வாயுவில் பெரும்பாலும் எத்தில் மெர்காப்டன். மிக மிகக் கொஞ்சமாக இருந்தாலும் நம் மூக்கு அதைப் பிடித்துவிடும். வாடை வந்தால் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், சின்னப் பொறி போதும். வால்வை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்த பிறகு உதவிக்கு அழையுங்கள்.

இதே கணக்குதான் பாழடைந்த கிணறுகளிலும் மூடிய தொட்டிகளிலும் நடக்கும் சாவுகளுக்குப் பின்னாலும் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு 44, ஹைட்ரஜன் சல்ஃபைடு 34, இரண்டும் காற்றைவிடக் கனம், அடியில் போய்த் தேங்கும். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போனவரும் விழ, மூன்றாமவரும் அவர்கள் பின்னாலேயே இறங்குகிறார். பாடத்தில் படித்த இரண்டு எண்களை அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்கும் ஒரே ஒரு ஆள் அங்கே இருந்தால் போதும், அந்த மூன்றாமவரைத் தடுத்துவிடலாம்.

அப்புறம், வரலாறு படிக்கப் போகிறீர்கள் என்றீர்களே. முதல் உலகப் போரில், வெடிமருந்துக்கு வேண்டிய நைட்ரேட் சிலி நாட்டிலிருந்து வருவது தடைபட்ட பிறகும் ஜெர்மனியால் ஆண்டுக்கணக்கில் வெடிமருந்து செய்ய முடிந்தது எப்படி? காற்றிலிருக்கும் நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரிக்க ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஹேபரும் போஷும் வழி கண்டிருந்தார்கள், 1913இலேயே ஜெர்மனியின் ஓப்பாவில் தொழிற்சாலை ஓடத் தொடங்கிவிட்டது. அந்த அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றிக்கொண்டார்கள். நைட்ரஜனைத் தெரியாமல் அந்தப் போரை முழுதாக எழுத முடியாது.

கேள்வி: கழிவறையைக் கழுவும் திரவத்தோடு ப்ளீச்சையும் கலந்து ஊற்றினால் கறை சீக்கிரம் போகும் என்கிறார்கள். ஒருமுறை செய்து பார்த்தபோது கண் எரிந்து இருமல் வந்துவிட்டது. நான் செய்தது தவறா? (ஒரு குடும்பத் தலைவி)

பதில்: இனி ஒருபோதும் செய்யாதீர்கள். ப்ளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். கழிவறை திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு, உப்பு, தண்ணீர். பள்ளிப் பாடத்தில் ஒரே வரியில் வந்து போகும் வினைதான் இது. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் இப்ர் போர்க்களத்தில் ஜெர்மானியப் படை எதிரிகள் மேல் திறந்துவிட்டது இதே குளோரினைத்தான். உங்கள் கழிவறையில் உண்டானது அதில் துளியளவுதான் என்றாலும் சின்ன அறை, மூடிய கதவு, குனிந்து தேய்க்கும் ஆள் என்று எல்லாம் கூடிவிட்டால் அந்த அளவே நுரையீரலைப் புண்ணாக்கிவிடும்.

வினிகரைக் கலந்தாலும் குளோரின்தான். அம்மோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவத்தைக் கலந்தால் குளோரமின் வரும், அதுவும் மூச்சை அடைக்கும். தெரியாமல் கலந்துவிட்டால் மேலே எதையும் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள். இருமல் நிற்காவிட்டாலோ மூச்சு வாங்கினாலோ மருத்துவரிடம் போக வேண்டும், ஏனென்றால் நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்துக்கூட அதிகமாகலாம். உங்கள் வீட்டில் பள்ளி போகும் பிள்ளைகள் இருந்தால், இரண்டு புட்டிகளின் பின்பக்கத்தையும் காட்டி, எதில் என்ன இருக்கிறது என்று அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். அமிலம் என்ற சொல் ஒன்றிலும் ஹைப்போகுளோரைட் என்ற சொல் இன்னொன்றிலும் கண்ணில் படும்.

கேள்வி: எங்கள் வீட்டுத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதே இல்லை. பாட்டி வீட்டில் கொஞ்சம் தேய்த்தாலே நுரை பொங்குகிறது. ஏன்? (ஏழாம் வகுப்பு மாணவி)

பதில்: நல்லாக் கவனிச்சிருக்கேம்மா! சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலையும் நீளமான ஒரு வாலும் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். கையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கில் வால்கள் எல்லாம் போய்க் குத்திக்கொள்ளும், தலைகள் வெளியே தண்ணீரைப் பார்த்தபடி நிற்கும், அந்தப் பிசுக்கு சின்ன உருண்டையாக உருண்டு தண்ணீரோடு போய்விடும். உங்கள் வீட்டுத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம் கரைந்திருக்க வேண்டும், அதைத்தான் கடின நீர் என்கிறோம். அவை சோப்பின் தலையைப் பிடித்துக்கொண்டு கரையாத வெள்ளைப் படிவாக மாறிவிடுகின்றன. குளியலறைத் தரையிலும் வாளியின் ஓரத்திலும் ஒட்டியிருக்கிறதே, அழுக்கு மாதிரி, அதில் பாதி உன் சோப்புதான். அவ்வளவையும் பிடித்து முடித்த பிறகு மிஞ்சுகிற சோப்புதான் நுரைக்கும்.

ஒரு சோதனை செய்து பார். ஒரே அளவுள்ள இரண்டு பாட்டிலில் ஒன்றில் உங்கள் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் மழைநீர். இரண்டிலும் ஒரே அளவு சோப்பைச் சீவிப் போட்டு, மூடி, ஒரே மாதிரி குலுக்கு. நுரையின் உயரத்தை ஸ்கேல் வைத்து அள. பிறகு உங்கள் வீட்டுத் தண்ணீரையே பெரியவர்களைக் கொதிக்க வைத்துத் தரச் சொல்லி, ஆறிய பிறகு மறுபடி செய். நுரை கூடினால், கடினத்தில் ஒரு பகுதி பைகார்பனேட்டால் வந்தது என்று தெரிந்துகொள்ளலாம், கொதிக்கும்போது அது சுண்ணாம்பாகப் பாத்திரத்தின் அடியில் படிந்துவிடும். கூடாவிட்டால் சல்ஃபேட்டோ குளோரைடோ இருக்கிறது என்று அர்த்தம், அது கொதித்தால் போகாது. துணி துவைக்கும் பவுடர் மட்டும் கடின நீரிலும் எப்படி நுரைக்கிறது என்பதை உங்கள் ஆசிரியரிடம் கேள், அது இன்னும் சுவாரசியம்.

கேள்வி: காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டேன். ஜலதோஷத்துக்கு வேறொரு மாத்திரையும் போட்டேன். அதிலும் பாராசிட்டமால் இருப்பதாக அறை நண்பன் பயமுறுத்துகிறான். கொஞ்சம் கூடினால் என்ன ஆகிவிடும்? (ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: உங்கள் நண்பருக்கு நன்றி சொல்லுங்கள். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் கலந்திருக்கிறது, அட்டையில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்ச வரம்பு, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. மெலிந்த உடலுக்கும், கல்லீரல் பழுதானவர்களுக்கும், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் வரம்பு அதைவிடக் குறைவு.

ஏன் இந்த வரம்பு என்று கேட்டால் அங்கேதான் வேதியியல் வருகிறது. பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாமல் மாற்றி வெளியேற்றிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் கல்லீரல் செல்களைத் தாக்கக்கூடிய ஒரு பொருளாக மாறும். சரியான அளவில் சாப்பிட்டால் குளூட்டாதயோன் என்று நம் உடலிலேயே இருக்கும் ஒரு சேர்மம் அதைப் பிடித்துச் செயலிழக்க வைத்துவிடும். அளவு மீறினால் குளூட்டாதயோன் தீர்ந்துபோகும், பிறகு தாக்குதல் செல்களின் மேல். இதில் பயங்கரம் என்னவென்றால் முதல் நாளில் பெரிதாக எதுவும் தெரியாது, லேசான குமட்டல் இருக்கலாம், அவ்வளவுதான். ஒன்றுமில்லை என்று இருந்துவிடுவார்கள். மாற்று மருந்து அசிட்டைல்சிஸ்டீன், எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். வரம்பைத் தாண்டியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, உடம்பு நன்றாக இருக்கிறது என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இரண்டு அட்டைகளையும் எடுத்து, மில்லிகிராமைக் கூட்டிப் பாருங்கள். குழந்தைகளுக்கான சிரப்பில் இந்தக் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். ஒரு புட்டியில் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்று இருக்கும், அதே நிறத்தில் இருக்கும் இன்னொன்றில் 5 மி.லி.க்கு 250 மி.கி. ஒரே மூடி அளவுதானே என்று ஊற்றிக் கொடுத்தால் இரட்டிப்பு மருந்து உள்ளே போய்விடும். செறிவு என்று பாடத்தில் படித்தது இதைத்தான். மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறக்கிற பாடங்களில் மறக்கவே கூடாத ஒன்று என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: காரத்தன்மை உள்ள தண்ணீர் குடித்தால் உடலின் அமிலம் குறையும் என்று விளம்பரம் செய்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: கணக்குப் போட்டுவிடுவோம். அமிலமா காரமா என்று காட்டும் எண் பி.எச்., 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பி.எச். 9 உள்ள ஒரு லிட்டர் தண்ணீர். அதற்குக் காரத்தன்மை தரும் ஹைட்ராக்சைடு அயனிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், பி.எச். 2 உள்ள வயிற்று அமிலம் ஒரே ஒரு மில்லிலிட்டர் போதும், மொத்தத்தையும் நடுநிலையாக்கிவிடும். பி.எச். அளவில் ஒரு படி என்பது பத்து மடங்கு என்று படித்தோமே, அதிலிருந்து வருகிற கணக்குதான் இது. ரத்தத்தின் பி.எச்.சை நுரையீரலும் சிறுநீரகமும் சேர்ந்து 7.35க்கும் 7.45க்கும் இடையில் காத்துக்கொள்கின்றன, நாம் எந்தத் தண்ணீர் குடித்தாலும். சுத்தமான சாதாரணத் தண்ணீர் போதும்.

கேள்வி: "கெமிக்கல் இல்லாதது" என்று எழுதியிருந்தால்தான் எங்கள் வீட்டில் வாங்குவார்கள். நான் வேதியியல் படிப்பதையே ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? (ஒரு கல்லூரி மாணவி)

பதில்: சண்டை போடாதீர்கள், அவர்களுடைய பயத்தில் நியாயமும் இருக்கிறது. பாதரசம் கலந்த முகக் கிரீம்கள் உண்மையிலேயே விற்கப்படுகின்றன. பிரச்சினை எங்கே என்றால், இயற்கை, செயற்கை என்று பிரித்துப் பார்ப்பதால் அந்தப் பாதரசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. உயிருள்ள உடலில் மட்டுமே உருவாகும் என்று நம்பப்பட்ட யூரியாவை 1828இல் ஜெர்மானிய வேதியியலாளர் வோலர் ஆய்வகத்திலேயே தயாரித்துக் காட்டினார், உடலில் உருவாகும் யூரியாவுக்கும் அதற்கும் எந்த வேறுபாடும் இல்லை. பழத்தில் இருக்கும் வைட்டமின் சி-யும் மாத்திரையில் இருக்கும் வைட்டமின் சி-யும் ஒரே மூலக்கூறுதான். இன்னொரு பக்கம், நமக்குத் தெரிந்த விஷங்களிலேயே மிகக் கொடியவற்றில் ஒன்றான பொட்டுலினம் நச்சைப் பாக்டீரியாதான் உண்டாக்குகிறது. நிலத்தடி நீரில் கலக்கும் ஆர்சனிக்கும் பெரும்பாலும் பாறைகளிலிருந்து இயற்கையாக வருவதுதான்.

எந்தப் பொருள், எவ்வளவு, எவ்வளவு நாளைக்கு என்ற மூன்றையும் கேட்கப் பழகினால் போதும். விஷமா இல்லையா என்பதை அளவுதான் தீர்மானிக்கிறது என்று 16ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர் பாராசெல்சஸ் சொல்லிவிட்டார். வீட்டில் வாங்கி வைத்திருக்கும் ஒரு பொருளின் சேர்மப் பட்டியலை உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து படியுங்கள், நீங்கள் படிக்கும் படிப்பின் மதிப்பை அவர்களே பார்ப்பார்கள்.

கேள்வி: உலகத்தைக் கெடுத்ததே வேதியியலாளர்கள்தானே? அதை ஏன் ஆசையாகப் படிக்க வேண்டும்? (ஒன்பதாம் வகுப்பு மாணவர்)

பதில்: கோபம் சரியானதுதான், மழுப்ப மாட்டேன். காற்றிலிருந்து அம்மோனியாவும் அதிலிருந்து உரமும் செய்ய வழி கண்ட அதே ஹேபர்தான் இப்ரில் குளோரின் தாக்குதலையும் முன்னின்று நடத்தினார். பெட்ரோலில் ஈயம் சேர்க்கலாம் என்று 1921இல் கண்டுபிடித்த மிட்ஜ்லி, பிறகு குளிர்பதனப் பெட்டிகளுக்கான குளோரோஃபுளோரோகார்பன்களை உருவாக்கியதிலும் முக்கியமானவர்.

ஆனால் இவற்றை நிறுத்தியது யார் என்றும் பார்க்க வேண்டும். பூமியின் வயதைக் கணக்கிட ஈயத்தை அளந்துகொண்டிருந்த கிளேர் பேட்டர்சன், எங்கு பார்த்தாலும் ஈயம் கலந்திருப்பதைக் கண்டு, பெரிய தொழில்களின் எதிர்ப்புக்கு நடுவில் பல ஆண்டுகள் போராடினார். சாலையில் ஓடும் வண்டிகளுக்கான ஈயம் கலந்த பெட்ரோல் உலகத்தில் கடைசியாக நின்றது 2021இல், அல்ஜீரியாவில். குளோரோஃபுளோரோகார்பன்கள், சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று 1974இல் மொலினாவும் ரோலண்டும் சொன்னபோது யாரும் ஓட்டையைப் பார்த்திருக்கவே இல்லை, வினைகளைத் தாளில் எழுதிப் பார்த்தே சொன்னார்கள். அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்திருப்பது 1985இல் வெளியானது, 1987இல் அந்தப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது, இன்று அந்தப் படலம் மெல்ல மீண்டுகொண்டிருக்கிறது. கெடுத்ததைக் கண்டுபிடிக்கவும் வேதியியல் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். உங்களைப் போலக் கோபம் உள்ளவர்கள் இதைப் படிக்க வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கேள்வி: என் மகன் சமன்பாடுகளை மனப்பாடம் செய்கிறான், மறுவாரமே மறந்துவிடுகிறான். நான் வேதியியல் படித்ததில்லை. எப்படி உதவுவது? (ஒரு தந்தை)

பதில்: ஒரு மெழுகுவத்தி வாங்குங்கள். 1860இன் குளிர்காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களை உட்கார வைத்து மைக்கேல் ஃபாரடே ஒரு மெழுகுவத்தியை வைத்தே தொடர் உரை நிகழ்த்தினார். அவர் காட்டியவற்றில் இரண்டு மூன்றை உங்கள் மேசையிலேயே செய்துவிடலாம், நீங்கள் கூடவே இருந்தால் போதும்.

ஏற்றி, சுடர் நிலைத்த பிறகு ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளைப் புகை ஒன்று எழும். திரியைத் தொடாமல் ஒரு விரல்கடை தள்ளி அந்தப் புகையில் தீக்குச்சியைக் காட்டுங்கள், சுடர் புகை வழியே தாவித் திரியில் பற்றிக்கொள்ளும். காற்று அடிக்காத இடமாக இருக்க வேண்டும். அந்தப் புகை மெழுகின் ஆவி குளிர்ந்தது. எரிவது திடமான மெழுகு அல்ல, ஆவிதான் என்று பையன் கண்ணால் பார்த்துவிடுவான். அடுத்து, குளிர்ந்த காய்ந்த கண்ணாடி டம்ளரைச் சுடருக்குச் சற்று மேலே கவிழ்த்துப் பிடியுங்கள், உள்ளே பனிபோல் மங்கும். அது தண்ணீர். நெருப்பிலிருந்து தண்ணீர் வருகிறதே என்று அவனே கேட்பான். ஒரு உலோகக் கரண்டியைச் சுடரின் மஞ்சள் பகுதிக்குள் காட்டினால் கரி படியும்.

இப்போது அந்தச் சமன்பாட்டை எழுதச் சொல்லுங்கள். 25 கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு மெழுகு மூலக்கூறு எரிய 38 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும், 25 கார்பன் டை ஆக்சைடும் 26 நீர் மூலக்கூறுகளும் வரும். டம்ளரில் பார்த்தது அந்த 26. சரி, 38 கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்று கேளுங்கள். யோசிக்க நேரம் கொடுங்கள், உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். கார்பனுக்கு ஆக்சிஜன் போதாமல் கரியாகவோ கார்பன் மோனாக்சைடாகவோ நின்றுவிடும். கரண்டியில் ஒட்டியது அந்தக் கரி. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மூடிய அறையில் குளிருக்குக் கரியடுப்பு வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போவதும், கதவடைத்த கொட்டகையில் ஜெனரேட்டரை ஓட்டியவர்கள் மயங்கி விழுவதும் இதனால்தான். அதன் மூலக்கூறு நிறை 28, கிட்டத்தட்ட காற்றுக்குச் சமம், அதனால் கீழேயும் தங்காது, மேலேயும் போகாது, அறை முழுக்கப் பரவும்.

இவ்வளவும் முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போங்கள். ஒரு வாரம் கழித்துச் சமன்பாட்டைக் கேட்காதீர்கள், டம்ளர் ஏன் மங்கியது என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவனே எழுதிக் காட்டுவான்.